அந்தப் பிள்ளை யார் பொறுப்பு? ஆலயத் தொண்டர்கள் சார்பாகச் சில வார்த்தைகள்



பதிவு கொஞ்சம் நீளம். டீ கலக்கி வெச்சுட்டு உட்கார்ந்து படிங்க. அவசரமா தள்ளிட்டுப் போற விஷயம் இல்ல இது.

போன வாரம் நம்ம ஆலய வாட்ஸாப் குழுவுல ஒரு சிசிடிவி வீடியோ சுத்துச்சு. உண்டியல் கிட்ட ஒரு பையன். 13, 14 வயசுதான் இருக்கும். கையில ஒரு கம்பி. எல்லாரும் பார்த்திருப்பீங்க. கீழ வந்த பதில்களையும் பார்த்திருப்பீங்க. "கைய ஒடிக்கணும்", "யார் வீட்டுப் பிள்ளை, முகத்த பெரிசாக்கிப் போடுங்க", "பாலாய்ல கொடுத்து உள்ள தள்ளுங்க". ஒருத்தர் மட்டும் "பாவம், வெல்பேர்ல சொல்லிப் பாருங்க"னு எழுதினார். அவருக்கு யாரும் பதில் போடல.

அன்னதானம், கார் நிறுத்துற இடம், ஞாயிறு சமய வகுப்பு, இதையெல்லாம் பார்த்துக்கிற தொண்டர்கள் நாங்க ஏழு பேர். இதப் பத்தி உட்கார்ந்து பேசினோம். ஆலய நிர்வாகத்தோட அதிகாரபூர்வ அறிக்கை இல்ல இது, எங்க கருத்து. தலைவர் கிட்ட சொல்லிட்டுத்தான் எழுதறோம்.

முதல்ல அந்த வீடியோ விஷயத்த முடிச்சுடுவோம். நம்ம நாட்டுல 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டம் இருக்கு. அதோட 15-ஆவது பிரிவு சொல்றது: ஒரு குற்றத்துல சம்பந்தப்பட்டதா சொல்லப்படுற பிள்ளையோட பெயர், முகவரி, படிக்கிற பள்ளி, படம், அடையாளம் தெரியிற மாதிரி எதையும் வெளியிடக்கூடாது. பிடிபட்ட நாள்லேருந்து வழக்கு முடிஞ்ச பிறகும் இது பொருந்தும். மீறினா 10,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்லன்னா 5 ஆண்டு வரைக்கும் சிறை, இல்லன்னா ரெண்டும். பத்திரிகைக்காரங்களுக்குத்தான் இது, நமக்கு இல்லைன்னு நெனச்சு யாரும் பேஸ்புக்லயும் டிக்டாக்லயும் போட்டு விளையாட வேண்டாம். வீடியோ போலீசுக்கும் நிர்வாகத்துக்கும் போனா போதும். கைப்பேசியில வெச்சிருக்கிறவங்க தயவு செஞ்சு அழிச்சுடுங்க.

இனி நாங்க உண்மையிலேயே சொல்ல வந்த விஷயம்.

"பாலாய்ல கொடு"னு ஒருத்தர். "வெல்பேர்ல சொல்லு"னு ஒருத்தர். ரெண்டும் ரெண்டு வேற ஊர் மாதிரி பேசறோம். ஆனா போறது ஒரே பிள்ளை. முதல் வாசல்ல அது "பாவப்பட்ட பிள்ளை". ரெண்டாவது வாசல்ல அது "குற்றவாளிப் பிள்ளை". முதல் வாசல்ல எழுதின கோப்பு ரெண்டாவது வாசலுக்குப் போய்ச் சேருதாங்கிறதுதான் எங்க கேள்வி.

ஒரு பையன் கதையச் சொல்றோம். பெயர், ஊர், ஆலயம் எதுவும் வேண்டாம். அவன் குடும்பத்த எங்கள்ல ரெண்டு பேருக்கு நல்லா தெரியும்.

அப்பா இல்ல. அம்மா கேண்டீன்ல வேலை. அவனுக்கு 9 வயசுல வீட்டுல வந்து தங்கின ஆள் பெல்ட்டால அடிச்சதுல பள்ளிக்கூட ஆசிரியை பார்த்துப் புகார் கொடுத்தாங்க. அதிகாரிங்க வந்தாங்க, விசாரிச்சாங்க. அந்த ஆள் வீட்டை விட்டுப் போயிட்டான். பிள்ளை அம்மாவோடயே இருந்துச்சு. கோப்பு மூடியாச்சு. அது வரைக்கும் நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டோம்.

அப்புறம் வாடகை கட்ட முடியாம வேற தாமானுக்கு மாறினாங்க. வேற மாவட்டம், வேற பள்ளி. தமிழ்ப்பள்ளி முடிச்சு இடைநிலைப்பள்ளி போனான். படிவம் 2-ல மாசத்துக்கு பத்து நாள்தான் பள்ளிக்கூடம் போனான். எச்சரிக்கைக் கடிதம் பழைய முகவரிக்குப் போச்சு. 15 வயசுல திருட்டு மோட்டார் பின்னாடி உட்கார்ந்து போகும்போது பிடிபட்டான்.

பிடிச்ச போலீஸ்காரருக்கு இவன் 9 வயசுல அடி வாங்கினவன்னு தெரியாது. நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுத வந்த அதிகாரி புது மாவட்டத்துக்காரர். அம்மா பழைய கதையச் சொல்லல. வெட்கம். கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களோ என்னவோ. பழைய கோப்பு எங்கேயோ ஒரு இரும்பு அலமாரியில இருந்துச்சு. அவன் சிறார் பள்ளிக்குப் போனான், திரும்பி வந்தான். வந்த இடம் அதே ஃப்ளாட், அதே படிக்கட்டு, அதே கூட்டாளிங்க.

இதுல கெட்டவங்க யாருன்னு தேடினா ஒருத்தரும் கிடைக்க மாட்டாங்க. ஆசிரியை கடமையச் செஞ்சாங்க. அதிகாரி செஞ்சார். போலீஸ் செஞ்சது. மாஜிஸ்திரேட் செஞ்சார். ஆளாளுக்கு அவங்கவங்க வேலை முடிஞ்சது. பிள்ளை மட்டும் நடுவுல விழுந்துட்டான்.

எங்கள்ல பாதிப் பேர் ஃபேக்டரி ஷிப்டு வேலைக்காரங்க. எங்களுக்கு இது நல்லாப் புரியும். ராத்திரி ஷிப்டு முடிஞ்சு காலை ஷிப்டு வரும்போது ஒரு புத்தகம் கைமாறும். மூணாம் நம்பர் மெஷின்ல சத்தம் வருது, சூடாகுது, பார்த்துக்கோன்னு எழுதி வெச்சாத்தான் காலையில வர்றவன் ஜாக்கிரதையா இருப்பான். எழுதலைன்னா பத்து மணிக்கு மெஷின் நிக்கும். அப்ப காலை ஷிப்டு ஆளைத் திட்டி என்ன புண்ணியம்? ரெண்டு ஷிப்டும் ஒழுங்காத்தான் வேலை செஞ்சது. புத்தகம்தான் கைமாறல. ஒரு மெஷினுக்கே இந்தப் புத்தகம் வேணும்னா ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வேணும்?

இப்ப யார் யார் கையில என்ன இருக்குன்னு பார்ப்போம். நம்மில் பல பேருக்கு இது தெரியாது, அதனாலதான் எழுதறோம்.

சமூக நல இலாகா, அதாவது ஜேகேஎம், மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சுக் கீழ இருக்கு. அடி வாங்கின பிள்ளை, கைவிடப்பட்ட பிள்ளை, அவங்க பொறுப்பு. குற்றம் செஞ்ச பிள்ளைக்கு அறிக்கை எழுதுற நன்னடத்தை அதிகாரியும் (மலாய்ல பெகாவாய் அக்லாக்) ஜேகேஎம் ஆள்தான். துனாஸ் பக்தி பள்ளிகளும் அக்லாக் விடுதிகளும் ஜேகேஎம் நடத்துறது.

போலீஸ் உள்துறை அமைச்சுக் கீழ. போலீஸ்லயே அடி வாங்கின பிள்ளை வழக்க டி-11 பிரிவு பார்க்கும். திருடின பிள்ளைய வேற பிரிவு பார்க்கும். மலாக்கா தெலுக் மாஸ்ல இருக்கிற ஹென்றி கர்னி பள்ளி சிறைச்சாலை இலாகாவோடது, அதுவும் உள்துறை அமைச்சு. பிறப்புப் பத்திரம், ஐசி எல்லாம் தேசியப் பதிவு இலாகா, அதுவும் உள்துறை. பள்ளிக்கூடம் கல்வி அமைச்சு. மனநல மருத்துவர் சுகாதார அமைச்சு. நீதிமன்றம் தனி.

ஒரு பிள்ளைக்கு இத்தனை கதவு. ஒவ்வொரு கதவுலயும் அந்தத் தாய் முதல்லேருந்து கதை சொல்லணும். தமிழ்ல அழுதுட்டு, தெரிஞ்ச அளவு மலாய்ல சொல்லணும். அரை நாள் சம்பளம் போகும். நாலாவது கதவுல அவங்க வாயத் திறக்கிறத நிறுத்திடுவாங்க. அப்புறம் கோப்புல "தாய் ஒத்துழைப்புத் தரவில்லை"னு ஏறிடும்.

சட்டம் மோசம்னு நாங்க சொல்லல. படிச்சுப் பார்த்தா நல்ல சட்டமாத்தான் தெரியுது. முன்னாடி 1947 சிறார் நீதிமன்றச் சட்டம் ஒரு பக்கம், 1991 சிறார் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம்னு இருந்தத ஒண்ணாக்கித்தான் 2001 சட்டமே வந்துச்சு. பாவப்பட்ட பிள்ளையும் தப்பு செஞ்ச பிள்ளையும் ஒரே புத்தகத்துல இருக்கணும்னு நெனச்சுத்தான் செஞ்சாங்க. ஐநா சிறார் உரிமை ஒப்பந்தத்துல 1995-ல மலேசியா சேர்ந்ததும் இதுக்கு ஒரு காரணம். 2016-ல திருத்தம் பண்ணி சமூக சேவை உத்தரவும் சேர்த்தாங்க.

அந்தச் சட்டத்துல என்ன இருக்குன்னு பெத்தவங்க தெரிஞ்சு வெச்சுக்கணும்:

பிள்ளையக் கைது செஞ்சா போலீஸ் உடனே பெத்தவங்களுக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் சொல்லணும்.

24 மணி நேரத்துக்குள்ள நீதிமன்றத்துக்குக் கொண்டு போகணும்.

பாலாய்லயும், வண்டியிலயும், நீதிமன்றத்துல காத்திருக்கும்போதும் பெரிய ஆளுங்களோட சேர்த்து வைக்கக்கூடாது.

கொலை மாதிரிக் கடும் குற்றம், இல்லன்னா கெட்ட சகவாசத்துலேருந்து பிரிக்க வேண்டிய நிலைமை, இல்லன்னா வெளிய விட்டா நீதி கெட்டுப் போகும்னா தவிர, ஜாமின்ல விடணும்.

சிறார் நீதிமன்றம் மூடின கதவுக்குள்ள நடக்கும். மாஜிஸ்திரேட்டோட ரெண்டு ஆலோசகர்கள் உட்காருவாங்க. அதுல ஒருத்தர் கட்டாயம் பெண்.

தண்டனை முடிவு பண்றதுக்கு முன்னாடி நன்னடத்தை அதிகாரியோட அறிக்கையப் பார்க்கணும். வீடு, பள்ளி, உடம்பு, குணம் எல்லாம் அதுல வரணும்.

14 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்குச் சிறைத் தண்டனையே கிடையாது. 10 வயசுக்குக் கீழன்னா குற்றமே ஆகாது.

பெத்தவங்க கட்டாயம் நீதிமன்றத்துக்கு வரணும். காரணம் இல்லாம வரலைன்னா அதுவே குற்றம்.

ஆக, ரெண்டு வாசலையும் இணைக்கிற ஆள் சட்டத்துல இருக்கார். அந்த நன்னடத்தை அதிகாரிதான். அவர் அறிக்கைதான் எங்க ஃபேக்டரி புத்தகம் மாதிரி. இன்னொண்ணும் இருக்கு. உள்ளூர் சேவைகள ஒருங்கிணைக்கறதுக்கு சிறார் நலக் குழுன்னு சட்டமே சொல்லுது. நலத்துறைப் பாதுகாவலர் தலைமை, ஒரு மருத்துவ அதிகாரி, ஒரு உயர் போலீஸ் அதிகாரி, தேவைன்னா மற்றவங்களும். காகிதத்துல எல்லாம் இருக்கு. ஒரு அதிகாரி மேசையில எத்தனை கோப்பு, ஒரு கோப்புக்கு அவருக்கு எத்தனை மணி நேரம், அதுலதான் எல்லாம் நிக்குது. ஒரு மணி நேரத்துல ஒரு வீட்டப் பார்த்து 15 வருஷக் கதைய எழுதச் சொன்னா யாரால முடியும்?

இன்னொரு விஷயமும் சொல்லியாகணும், இது நம்ம சமுதாயத்துல அதிகம் கேள்விப்படறது. "இவன என்னால அடக்க முடியல, வெல்பேர்ல போட்டுடலாமா"னு சில அம்மாமார் ஆலயத்துக்கு வந்து கேட்பாங்க. சிறார் சட்டத்துல 46-ஆவது பிரிவுல அதுக்கு வழி இருக்கு. பெத்தவங்களே நீதிமன்றத்துக்குப் போய் "கட்டுக்கு அடங்காத பிள்ளை"னு மனு கொடுக்கலாம். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. எந்தக் குற்றமும் செய்யாத அந்தப் பிள்ளைய, குற்றம் செஞ்ச பிள்ளைங்க போற அதே துனாஸ் பக்தி பள்ளிக்கு அனுப்ப நீதிமன்றத்தால முடியும். ராத்திரி வீட்டுக்கு வராதவனும் வீடு புகுந்து திருடினவனும் ஒரே விடுதியில படுக்கலாம். போனவன் என்ன கத்துக்கிட்டு வருவான்னு யோசிச்சுப் பாருங்க. அந்த மனுவுல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி தாய்மாமன் இருக்காரா, அத்தை இருக்காங்களா, ஆறு மாசம் வேற ஊர்ல வெச்சுப் பார்க்க முடியுமான்னு கேளுங்க. யாரும் இல்லைன்னா எங்க கிட்ட வாங்க. கையெழுத்து கடைசியா இருக்கட்டும்.

இப்ப எதிர்க்கேள்விக்கு வர்றோம். குழுவுல சில அண்ணன்மார் கேட்டது நியாயமான கேள்விதான்.

"திருடினவனுக்கு எதுக்கு இவ்வளவு வக்காலத்து? சங்கிலி பறிகொடுத்த அக்காவுக்கு யார் பேசறது?"

நம்ம ஆலய வாசல்லயே ஒரு அக்காவோட சங்கிலிய அறுத்து, அவங்க கீழ விழுந்து மணிக்கட்டு ஒடிஞ்சது எங்களுக்கு மறக்கல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனதே நாங்கதான். இன்னைக்கும் அவங்களால கோலம் போட முடியல. அதனால "பாவம், சின்னப் பையன், விட்டுடுங்க"னு நாங்க சொல்லவே மாட்டோம். செஞ்சதுக்குப் பதில் சொல்லணும். ஆனா அந்த அக்காவுக்கு இன்னைய வரைக்கும் யாரும் வந்து வழக்கு என்னாச்சுன்னு சொல்லல. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை கேட்கல. சங்கிலியும் வரல. பையன உள்ள தள்ளினதால அவங்களுக்கு என்ன கிடைச்சது? துறைங்க ஒண்ணோட ஒண்ணு பேசாததால பையன் மட்டும் கெடல, பாதிக்கப்பட்டவங்களும் கைவிடப்படறாங்க. அதையும் சேர்த்துத்தான் கேட்கறோம்.

நியூசிலாந்துல 1989-லேருந்து ஒரு முறை இருக்கு. கொலை மாதிரி வழக்குகள் தவிர்த்து, பிள்ளை, குடும்பத்துப் பெரியவங்க, பாதிக்கப்பட்டவங்க, போலீஸ், நலத்துறை எல்லாரும் ஒரே அறையில உட்கார்ந்து இவன் என்ன செஞ்சு ஈடு கட்டணும்னு முடிவு பண்ணுவாங்க. அங்க உள்ள மாவோரி மக்களோட பழக்கத்த ஒட்டி வந்த முறை அது. நமக்கும் இது புதுசா? தோட்டத்துல இருந்த காலத்துல ஆலமரத்தடியில பெரியவங்க கூடிப் பேசி, "நாளைக்கே போய் அந்த வீட்டுக் கூரைய நீயே கட்டிக் கொடு"னு சொன்ன கதை நம்ம அப்பா தாத்தா காலத்துல எத்தனை!

பக்கத்துல சிங்கப்பூரப் பாருங்க. சிறார் பாதுகாப்பு, நன்னடத்தைக் கண்காணிப்பு, பையன்கள் இல்லம், எல்லாம் ஒரே சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சுக் கீழ. கடும் குற்றம் செஞ்சவங்க அங்கயும் சிறைத்துறையோட சீர்திருத்தப் பயிற்சிக்குத்தான் போறாங்க. இருந்தாலும் பெரும்பாலான கோப்பு ஒரே கூரைக்குக் கீழ இருக்கறது சின்ன விஷயம் இல்ல.

இன்னொரு கேள்வி எங்களுக்குள்ளயே வந்துச்சு. எங்கள்ல ஒரு தங்கச்சி கேட்டது: "எல்லாத் துறையும் கோப்பப் பகிர்ந்துக்கிட்டா, 9 வயசுல அடி வாங்கின பிள்ளைய 15 வயசுல போலீஸ் சந்தேகக் கண்ணோட பார்க்காதா? இவன் வெல்பேர் கேஸ், இவன்தான் செஞ்சிருப்பான்னு சொல்ல மாட்டாங்களா?"

நல்ல கேள்வி. ஏற்கெனவே உருமி மேளம் அடிக்கிற பையன்னாலே குண்டர் கும்பல்னு பார்க்கிற ஊர் இது. நம்மளே அப்படிப் பார்க்கறோம். அதனால எங்க கருத்து இது: கோப்பு எல்லாருக்கும் திறந்து கிடக்கக்கூடாது. பிள்ளையோட பழைய காயம் நன்னடத்தை அதிகாரிக்கும் நீதிமன்றத்துக்கும் போகட்டும், அவனுக்கு என்ன உதவி வேணும்னு முடிவு பண்றதுக்கு. சந்தேகப் பட்டியல் போடறதுக்குப் போகக்கூடாது. பள்ளிக்கூட அறிவிப்புப் பலகைக்கும் போகக்கூடாது. யார் பார்த்தாங்க, எதுக்குப் பார்த்தாங்கன்னு பதிவு இருக்கணும். ஒருங்கிணைப்புன்னா பிள்ளைக்குக் குடை பிடிக்கறதுக்கு. முத்திரை குத்தறதுக்கு இல்ல.

அரசாங்கத்துக்கிட்ட நாங்க கேட்கறது மூணே மூணு.

ஒண்ணு, ஒரு பிள்ளைக்கு ஒரு அதிகாரி. மாவட்டம் மாறினாலும், பாதுகாப்பு வழக்கு குற்ற வழக்கா மாறினாலும், பழைய அதிகாரி புது அதிகாரிய நேர்ல இல்லன்னா போன்ல பேசி ஒப்படைக்கணும். ஒப்படைச்சதா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்.

ரெண்டு, நீதிமன்றத்துக்குப் போற அறிக்கையில ஒரு கட்டாயக் கேள்வி: இந்தப் பிள்ளை இதுக்கு முன்னாடி பாதுகாப்புத் தேவைப்படுற பிள்ளையா எந்த மாவட்டத்துலயாவது பதிவாகியிருக்கா? இருந்தா அப்ப என்ன உதவி கொடுத்தோம், அது எப்ப நின்னுச்சு?

மூணு, வெளிய வர்றதுக்கு மூணு மாசம் முன்னாடியே ஒரு கூட்டம். பள்ளிக்கூடமா தொழிற்பயிற்சியா, யார் வீட்டுல தங்கப் போறான், ஐசி இருக்கா, யார் மாசம் ஒரு தடவ பார்ப்பாங்க. ஹென்றி கர்னியில உள்ள இருந்தபடியே எஸ்.பி.எம். எழுதிப் பாஸ் பண்ற பிள்ளைங்க இருக்காங்க. துனாஸ் பக்தியில வெல்டிங், மோட்டார் வேலை கத்துக்கிட்டு வர்றாங்க. அந்தச் சான்றிதழோட வெளிய வந்து அதே படிக்கட்டுல உட்கார்ந்தா அந்தச் செலவெல்லாம் எதுக்கு?

இதெல்லாம் அரசாங்கம் செய்யட்டும்னு சொல்லிட்டுக் கைகட்டி நிக்கவும் நாங்க விரும்பல. நம்ம ஆலயத்தால முடிஞ்சது ஆறு இருக்கு.

1. ஜாமினுக்கு ஆள். பல பிள்ளைங்க ஜாமின் கிடைக்காததால உள்ள இருக்கறது இல்ல, கையெழுத்துப் போட ஆள் வராததால இருக்காங்க. அம்மா ராத்திரி ஷிப்டுல இருப்பாங்க, போன் எடுக்க முடியாது. அந்தக் குடும்பத்துக்குத் துணையா பாலாய்க்கும் நீதிமன்றத்துக்கும் கூடப் போக ரெண்டு ஆண், ரெண்டு பெண் தொண்டர்கள் பட்டியல் போடலாம். வழக்கறிஞர் வசதி இல்லாதவங்களுக்கு தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கு, அங்க தொடர்பு கொள்ளச் சொல்லிக் கொடுக்கலாம்.

2. தகுதியான வீடு. குற்றம் செஞ்ச பிள்ளைய உறவினர் கிட்டயோ வேற தகுதியான ஒருத்தர் கிட்டயோ ஒப்படைக்க நீதிமன்றத்துக்குச் சட்டம் இடம் கொடுக்குது. ஆனா அந்த உறவினர யார் தேடிக் கண்டுபிடிக்கறது? ஜொகூர்ல ஒரு பெரியம்மா இருக்காங்கன்னு அதிகாரிக்குத் தெரியாது. கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் பத்திரிகை கொடுக்கிற நமக்குத் தெரியும். அந்தத் தகவல அதிகாரி கிட்ட எழுதிக் கொடுக்கலாம்.

3. சமூக சேவை செய்ய இடம். நீதிமன்றம் சமூக சேவை உத்தரவு போட்டா, அதிகாரிங்க ஒத்துக்கிட்டா, நம்ம ஆலயம் இடம் கொடுக்கலாம். அன்னதானக் கூடத்துல பாத்திரம் கழுவட்டும், தேர் வடம் துடைக்கட்டும். ஆனா ஒரு நிபந்தனை. அவன் யாரு, எதுக்கு வந்திருக்கான்னு தலைவருக்கும் மேற்பார்வை பார்க்கிற ஒருத்தருக்கும் தவிர யாருக்கும் தெரியக்கூடாது. மத்தவங்களுக்கு அவன் இன்னொரு தொண்டன், அவ்வளவுதான்.

4. பார்க்கப் போற வண்டி. வடக்குல பட்டர்வொர்த்துலேருந்து மலாக்காவுக்குச் சுமார் 500 கிலோமீட்டர். ஒரு தனித் தாய் பஸ் டிக்கெட், சாப்பாடு, ஒரு நாள் சம்பளம் எல்லாம் விட்டுட்டு எத்தனை தடவ போக முடியும்? தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு பஸ் ஏற்பாடு பண்றோம். பங்குனி உத்திரத்துக்குப் பண்றோம். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ, பிள்ளையப் பார்க்கப் போற குடும்பங்களுக்கு ஒரு வேன் ஏற்பாடு பண்ணா உபயக்காரர் கிடைக்க மாட்டாங்களா? அதுவும் ஒரு உபயம்தான். அர்ச்சனைச் சீட்டுல பெயர் வராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

5. ஆலோசகர் பதவி. சிறார் நீதிமன்றத்துல மாஜிஸ்திரேட் பக்கத்துல உட்கார்ற ஆலோசகர்கள் வக்கீலா இருக்கணும்னு இல்ல. அந்த மாநிலத்துல குடியிருக்கிறவங்கள்லேருந்து அமைச்சர் நியமிக்கிற ஆளுங்க. தேவைப்பட்டா பெத்தவங்களுக்கும் அவங்க ஆலோசனை சொல்லலாம். நம்ம ஆலயத்துலயே ஓய்வு பெற்ற ஆசிரியைங்க, தாதியர், தலைமையாசிரியருங்க எத்தனை பேர்! தமிழ்ல அழுற ஒரு தாயோட பேச்சப் புரிஞ்சுக்கிற ஒருத்தர் அந்த மேசையில இருந்தா எவ்வளவு பெரிய விஷயம். ஜேகேஎம் மாவட்ட அலுவலகத்துல விசாரிச்சுப் பாருங்க. விண்ணப்பம் எழுத நாங்க உதவறோம்.

6. முன்னாடியே கவனிக்கறது. ஞாயிறு சமய வகுப்புக்கு மூணு வாரம் வராத பிள்ளை, அன்னதானத்துல ரெண்டு பொட்டலம் கேட்டு வாங்கிட்டுப் போற பிள்ளை, வெயில் காலத்துலயும் முழுக்கைச் சட்டையோட வர்ற பிள்ளை. நம்ம கண்ணுக்குத்தான் முதல்ல படும். 15999, தாலியான் காசே, 24 மணி நேரமும் எடுப்பாங்க. எங்க கிட்ட சொல்லத் தயங்கினா அங்க சொல்லுங்க. ஒரு போன். அந்தப் போன் 9 வயசுல போனா, 15 வயசுல பாலாய்லேருந்து வர்ற போன் வராமலே போகலாம்.

உருமி மேளப் பையன்கள் பத்தியும் ஒரு வார்த்தை. திருவிழாவுக்கு அவங்க வேணும், மறுநாள் அவங்க வேண்டாம்னு நடத்தறது சரியில்ல. ஆலயத்துல பெஞ்சுல உட்கார்ந்தாலே விரட்டற வழக்கம் இருக்கு. இங்கேருந்து விரட்டினா அவன் வீட்டுக்குப் போகப் போறதில்ல. கீழ பார்க்கிங்ல அவனுக்காகக் காத்துக்கிட்டு, சிகரெட்டும் காசும் கொடுத்து, "தம்பி"னு அன்பா கூப்பிடுற அண்ணன்மார் இருக்காங்க. அவங்க கிட்ட எந்தப் படிவமும் நிரப்ப வேண்டியதில்ல. நாலு அமைச்சுக்கு நடுவுல தொலைஞ்சு போற பிள்ளைய அந்தக் கும்பல் ஒரே நாள்ல கண்டுபிடிச்சுடுது. நம்மளால ஏன் முடியலங்கிறதுதான் எங்களுக்கு உறுத்துது.

ஒழுங்கு வேணும். உண்டியல் பாதுகாப்பும் வேணும். பூட்டு மாத்தறோம், கேமராவும் கூட வைக்கறோம், நிர்வாகம் சொல்லியிருக்கு. அதுல எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஆனா அம்மன் சந்நிதியில நின்னு "தாயே"னு கூப்பிடுறோம். தாய்க்கு நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளைன்னு ரெண்டு வாசல் கிடையாது.

வர்ற ஞாயிறு காலைப் பூசை முடிஞ்சு, 11 மணிக்கு மண்டபத்துல உட்கார்றோம். மேல சொன்ன ஆறுல எதை முதல்ல எடுக்கலாம், யார் யார் பெயர் கொடுக்கறாங்கன்னு பேசுவோம். ஓய்வு பெற்ற ஆசிரியருங்க, தாதியர், வேன் வெச்சிருக்கிறவங்க, பாலாய்க்குக் கூடப் போகத் தைரியம் உள்ள அக்காமார் அவசியம் வாங்க. இதுல மாற்றுக் கருத்து உள்ளவங்களும் வாங்க, நேர்ல பேசுவோம். கீழ கருத்துப் போடறவங்க எந்தப் பிள்ளையோட பெயரையும் குடும்பத்தையும் குறிப்பிட வேண்டாம், அப்படி வந்தா நீக்கிடுவோம்.

மத்த ஆலயத் தொண்டர்களுக்கும் இதப் பகிருங்க. ஒவ்வொரு ஆலயத்துலயும் நாலு பேர் கிடைச்சாலே போதும்.

எல்லாப் பிள்ளைகளையும் அம்மன் காக்கட்டும்.

ஓம் சக்தி. பராசக்தி.

ஆலயத் தொண்டர்கள்